படம் பிடிக்கும் இருகண் நோக்கி வாங்கலாமா?



எங்கள் பள்ளியின் இயற்கைக் கழகத்திற்கு இருகண் நோக்கிகள் வாங்குவதற்காகப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் 2024ஆம் ஆண்டில் 1,600 வெள்ளி ஒதுக்கித் தந்தது. பட்டணத்துப் பெரிய பள்ளிகளில் பணியாற்றுவோர்க்கு இஃது ஒரு தொகையாகத் தோன்றாமல் போகலாம். எங்களுடையதோ செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சிறிய பள்ளி. மாணவர் எண்ணிக்கை எண்பதைத் தாண்டாது. விளையாட்டுப் போட்டி நாளன்று தாய்மார்கள் விடியற்காலை எழுந்து வடை சுட்டும் நாசி லெமாக் பொட்டலம் கட்டியும் விற்றுச் சேர்த்த பணம் அது. எனவே, கழகப் பொறுப்பாசிரியை என்ற முறையில் அதை எப்படிச் செலவிடுவது என்பது எனக்கு எளிய வினாவாக இருக்கவில்லை.

பைனாகுலர் என்று நாம் பேச்சு வழக்கில் குறிப்பிடும் கருவியைத்தான் இருகண் நோக்கி என்கிறேன். எங்கள் மாணவர்கள் மலாய்மொழி வழக்கை ஒட்டித் ‘தெரோப்போங்’ என்பார்கள். சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்செழுந்தபோது, செயலவை உறுப்பினரான தந்தை ஒருவர் வேறொரு கருத்தை முன்வைத்தார். இருகண் நோக்கியின் உள்ளேயே மின்னிலக்கப் படக்கருவி பொருத்தப்பட்டவை கிடைக்கின்றனவே, அவற்றையே வாங்கிவிட்டால் பார்த்த மாதிரியும் ஆகும், படம் எடுத்த மாதிரியும் ஆகும் என்றார். கூட்டத்தில் பலருக்கும் அது பிடித்துப்போயிற்று. தலைமையாசிரியைக்கும் பிடித்தது. எந்த நடவடிக்கையைச் செய்தாலும் படத்துடன் அறிக்கை அனுப்ப வேண்டிய நிலை நம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே!

கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது அவர் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். அவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். அவருடைய மகன் நான்காம் ஆண்டில் பயில்கிறான். “எங்க அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க டீச்சர். பால்மரம் வெட்டுன காலத்துல காட்டுல இருக்கற பறவைக்கெல்லாம் பேரு சொல்லுவாங்க. பையன் அங்க என்ன பார்த்தான்னு அவங்களுக்குக் காட்டணும், அவ்வளவுதான்.”

இதைக் கேட்ட பிறகு, ‘படமெல்லாம் எதற்கு, கண்ணால் பார்த்தால் போதாதா?’ என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆகவே, முடிவெடுக்கும் முன் அத்தகைய கருவிகளை நேரில் சோதித்துப் பார்த்துவிடுவது என்று உறுதி கொண்டேன். அப்படிச் சோதித்ததில் தெரிந்துகொண்டவற்றை, இதே எண்ணத்தில் இருக்கும் பிற பள்ளிகளுக்கும், பிறந்தநாள் பரிசாகப் பிள்ளைகளுக்கு ஒன்று வாங்கித் தரலாம் என்று நினைக்கும் பெற்றோர்க்கும் பயன்படுமே என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் இருகண் நோக்கியின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும் எண்களைப் பற்றிச் சற்றுப் பார்ப்போம். 8×30 என்றால், உருப்பெருக்கம் 8 மடங்கு. முன்புறமுள்ள பொருளருகு வில்லையின் விட்டம் 30 மில்லிமீட்டர். 80 மீட்டர் தொலைவிலுள்ள பறவை 10 மீட்டர் தொலைவில் இருப்பது போலத் தோன்றும். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணருகு வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×30 கருவிக்கு இது 3.75 மில்லிமீட்டர், 10×25 கருவிக்கு 2.5 மில்லிமீட்டர். நல்ல வெயிலில் நம் கண்மணி சுருங்கி இருப்பதால் இரண்டிற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. கண்டல் காட்டின் நிழலில், காலை ஏழு மணிக்கு, கண்மணி விரிந்திருக்கும் வேளையில்தான் இரண்டாவது கருவி மங்கலாகத் தெரியும். ‘பத்து மடங்கு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். உருப்பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகும். கண்ணுக்கு அகப்படும் பரப்பும் குறுகும். பிள்ளைகள் பறவையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்து போயிருக்கும்.

இனி, படக்கருவி இணைந்த வகைக்கு வருவோம். இவை புதியவை அல்ல. 2000களின் தொடக்கத்திலேயே பென்டாக்ஸ், புஷ்னல் போன்ற நிறுவனங்கள் இவற்றை வெளியிட்டன. சோனி நிறுவனம் 2011இல் இரு வில்லைகளும் இரு மின்னணு உணரிகளும் கொண்ட ஒன்றை வெளியிட்டது. அதில் முப்பரிமாணக் காணொளியே பதிவு செய்ய முடிந்தது. 2024இல் ஆஸ்திரியாவின் சுவரோவ்ஸ்கி ஆப்டிக் நிறுவனம் அறிமுகப்படுத்திய 10×32 கருவியோ, பார்க்கும் பறவை இன்னதென்று பெயரையே காட்டிவிடும். அமெரிக்காவில் அதன் விலை 4,500 டாலருக்கும் மேல். எங்கள் பள்ளியின் வடை விற்பனை எத்தனை ஆண்டு நடந்தால் அதை வாங்கலாம் என்று கணக்குப் போட நான் முயலவில்லை.

எனக்குச் சோதிக்கக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, என் அக்காள் கணவர் 2000களின் நடுப்பகுதியில் வாங்கி, பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தது. மற்றொன்று, உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் அண்மையில் இணையக் கடையில் வாங்கியது. ஒப்பிடுவதற்காக, படக்கருவி எதுவும் இல்லாத சாதாரண 8×30 ஒன்றையும் நண்பரிடம் இரவல் வாங்கினேன்.

சிற்றுண்டிச்சாலைச் சுவரில் ஒரு தாளை ஒட்டினேன். கண் மருத்துவரிடம் இருக்குமே, அதைப் போன்று மேலே பெரிய எழுத்து, கீழே வரவரச் சிறிய எழுத்து, ஆறு வரி. திடலின் மறுகோடியில், 40 மீட்டர் தொலைவில், மாணவர்களை நிறுத்தினேன். சாதாரணக் கருவியில் பெரும்பாலோர் ஐந்தாம் வரி வரை வாசித்தார்கள். ஒருத்தி ஆறாம் வரியையும் வாசித்தாள். அவள் முன்கூட்டியே அருகில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாளோ என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

பழைய படக்கருவி நோக்கியில் கண்ணால் பார்க்கும்போது நான்காம் வரி வரை தெரிந்தது. குறை சொல்வதற்கில்லை. பொத்தானை அழுத்தி எடுத்த படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், இரண்டாம் வரியைக்கூட வாசிக்க இயலவில்லை. மாணவர்கள் திகைத்துப் போனார்கள். “நான் பார்க்கறப்போ தெளிவா இருந்துச்சே டீச்சர்!” என்று ஒருவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவன் சொன்னது உண்மைதான். காரணம் அக்கருவியின் அமைப்பில் இருக்கிறது. முன்புறமாகத் திருப்பிப் பார்த்தால், இரு பெரிய வில்லைகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு சிறிய வில்லை இருக்கும். படக்கருவி அதன் வழியாகத்தான் பார்க்கிறது. நாம் பார்ப்பது வேறு வழி. அது பார்ப்பது வேறு வழி. நடுவிலுள்ள குவியச் சக்கரத்தை நாம் எவ்வளவு கவனமாகத் திருகினாலும், அது நம் கண்ணுக்கான இரு குழாய்களையே சரிசெய்கிறது. நடு வில்லையின் குவியம் தொழிற்சாலையில் நிலையாக அமைக்கப்பட்டதாக இருந்தால், குறிப்பிட்ட தூரத்திற்கு அப்பால் உள்ளவை எல்லாம் ஏறக்குறையத் தெளிவாக விழும். அருகில் உள்ளவை கலங்கலாக விழும். விலை குறைந்த இணைப்புக் கருவிகளில் இவ்வமைப்பே மிகுதி. எனவே, வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை மெகாபிக்சல்?’ என்பதன்று. ‘கண் பார்க்கும் அதே வில்லையின் வழியாகவா படம் விழுகிறது? அதற்குக் குவியப்படுத்தும் வசதி உண்டா?’ என்பதே.

மெகாபிக்சல் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விகிதப் பாடத்தில் இதையே கணக்காகக் கொடுத்தேன். எட்டு மடங்கு உருப்பெருக்கத்திற்கு ஈடான படக்கருவி வில்லையை 400 மில்லிமீட்டர் வில்லை என்பார்கள். 40 மீட்டர் தொலைவில் அதன் படத்தில் அடங்கும் அகலம் ஏறத்தாழ 3.6 மீட்டர். நம் வட்டாரத்தில் கம்பிகளின் மேல் அமர்ந்திருக்கும் வெண்தொண்டை மீன்கொத்தியின் நீளம் 28 சென்டிமீட்டர் அளவு. ஆக, படத்தின் அகலத்தில் ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு பங்குதான் பறவை. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1,600 புள்ளிகள் என்றால், மீன்கொத்திக்குக் கிடைப்பவை 120 புள்ளிகள் சொச்சம். அந்தப் புள்ளிகளும் தெளிவாக விழுந்தால் பரவாயில்லை. பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்தில்தான் கை அசைகிறது. சில கருவிகளில் இல்லாத புள்ளிகளை மென்பொருளால் இட்டு நிரப்பி, மெகாபிக்சல் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. பெட்டியின் மேல் இருக்கும் எண் பெரிதாகும்; பறவை அப்படியே இருக்கும்.

அக்கருவியில் இன்னொரு சிக்கலும் தெரிந்தது. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நடுவில் படக்கருவி இருப்பதால் இரு குழாய்களையும் ஓர் அளவுக்கு மேல் நெருக்க முடியவில்லை. பெரியவர்களின் கண்களுக்கு அது பொருந்துகிறது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் கண்களுக்கு இடைப்பட்ட தூரம் குறைவு. அவர்கள் ஒரு வட்டத்திற்குப் பதில் இரண்டு வட்டங்களைப் பார்த்தார்கள். அல்லது ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். கேட்டால் ‘தெரிகிறது’ என்றே சொல்வார்கள். பிள்ளைகள் அப்படித்தான், தெரியவில்லை என்று சொன்னால் வரிசையில் அடுத்தவனிடம் கொடுக்க வேண்டியிருக்குமே! படக்கருவி இல்லாத முழு அளவுக் கருவிகள் பலவற்றிலும் கண்ணிடைத் தூரம் ஏறத்தாழ 56 மில்லிமீட்டருக்குக் கீழே குறைவதில்லை. எனவே, எவ்வகைக் கருவியை வாங்கினாலும், வாங்கும் நாளன்று வகுப்பிலேயே மிகச் சிறிய பிள்ளையை உடன் அழைத்துச் செல்வது நல்லது. இயலாவிட்டால், விவரக் குறிப்பில் கண்ணிடைத் தூரம் எதுவரை குறையும் என்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூக்குக் கண்ணாடி அணிந்த பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள். கண்ணருகு வில்லையைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பை மடித்துவிட்டுக் கண்ணாடியோடு பார்க்கச் சொன்னேன். சாதாரணக் கருவியில் வட்டம் முழுமையாகத் தெரிந்தது. பழைய படக்கருவி நோக்கியில் நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டுமே தெரிவதாகச் சொன்னாள். கண்ணிலிருந்து வில்லை எவ்வளவு தள்ளி இருந்தாலும் முழுக்காட்சி தெரியும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அது 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் கண்ணாடி அணிந்தோர்க்கு ஏந்தாக இருக்கும்.

இணையக் கடையில் வாங்கிய இரண்டாவது கருவி முற்றிலும் வேறு இனம். வடிவம் இருகண் நோக்கியைப் போன்றது. உள்ளே பார்த்தால் சிறிய திரை. முன்னால் ஒரு படக்கருவி பார்ப்பதை அத்திரையில் நாம் பார்க்கிறோம். கண் பார்ப்பதும் படத்தில் விழுவதும் ஒன்றே. ஆகையால் முன்னதில் கண்ட குழப்பம் இதில் இல்லை. இருட்டிலும் அகச்சிவப்பு ஒளி வீசிப் பார்க்கிறது. எலிகளைக் கட்டுப்படுத்தத் தோட்டத்தில் கூகைகளுக்கு வைத்திருக்கும் கூட்டுப் பெட்டி ஒன்றை மாலை மங்கிய பிறகு இதன் வழியே பார்த்தோம். பெட்டியின் வாயிலில் வந்து நின்ற கூகையின் கண்கள் வெள்ளை விளக்குகளைப் போல ஒளிர்ந்தன. உடன் வந்த ஆசிரியர்கள் ‘ஆ’வென்று வியந்தோம். இருட்டுக்கு இது நல்ல கருவி என்பதை மறுக்க மாட்டேன்.

பகலில் கதை வேறு. செம்பருந்து ஒன்று திடலுக்கு மேல் வட்டமிட்டபோது, திரையில் அது ஒரு நொடிக்கும் குறைவான தாமதத்துடன் நகர்ந்தது. நாம் கருவியைத் திருப்பினால் காட்சி பின்தங்கி வருகிறது. பருந்தின் செம்மண் நிற முதுகும் வெண்ணிறத் தலையும் திரையில் ஏதோ ஒரு பழுப்பாகத் தெரிந்தன. மின்கலம் தீர்ந்தால் கருவி வெறும் பெட்டி. பிள்ளைகள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பறவைகளைப் பார்க்காமலா இருக்கிறார்கள்? காட்டுக்கு அழைத்துச் சென்று இன்னொரு திரையை அவர்கள் கையில் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, அந்தத் தந்தைக்கு என்ன விடை? படம் வேண்டும் என்றால் வேறு வழியே இல்லையா?

உண்டு. அவ்வழிக்கும் நம் நாட்டுக்கும் தொடர்புண்டு என்பது பலருக்குத் தெரியாது. தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையோடு சிறிய மின்னிலக்கப் படக்கருவியை ஒட்டி வைத்துப் பறவைகளைப் படமெடுக்கும் முறையை 1999இல் கண்டறிந்து உலகப் பறவை ஆர்வலர்களிடையே பரப்பியவராகப் போற்றப்படுபவர் மலேசியரான லாரன்ஸ் போ. இம்முறைக்கு டிஜிஸ்கோப்பிங் என்று பெயர். இன்று படக்கருவியின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. கண் பார்த்த அதே வில்லை, கண் சரிசெய்த அதே குவியம். கண்ணிருந்த இடத்தில் கைப்பேசி. படக்கருவியை நடுவில் தனியாகச் செருகி வைத்தவர்களுக்குக் கிட்டாதது இந்த எளிய ஏற்பாட்டில் கிட்டுகிறது.

திடலில் இதையும் சோதித்தேன். வெறும் கையால் கைப்பேசியைக் கண்ணருகு வில்லையில் பிடித்தால் படம் ஓரத்தில் கறுப்பு வட்டமாக வருகிறது. கொஞ்சம் நகர்ந்தாலும் காட்சியே மறைந்துவிடுகிறது. பொறுமையைச் சோதிக்கும் வேலை. இருகண் நோக்கிகள் பலவற்றில் முன்பக்கம் நடுக்கீலின் முனையில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திருகிக் கழற்றினால் முக்காலியில் பொருத்தும் மரைத்துளை தெரியும். அதில் ஒரு பிடிப்பானை மாட்டி முக்காலியில் நிறுத்தி, ரப்பர் விளிம்பை மடித்து, கைப்பேசியைக் கவ்வியில் பொருத்தி, கையால் தொடாமல் நேரங்காட்டி வைத்து எடுத்தேன். சிற்றுண்டிச்சாலைச் சுவரின் நான்காம் வரி படத்தில் வாசிக்கும்படி இருந்தது. பறக்கும் பறவைக்கு இம்முறை உதவாது. அமர்ந்திருக்கும் கொக்குக்கும் மீன்கொத்திக்கும் போதும். மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர அனுமதியில்லை. ஆகவே, படமெடுப்பது ஆசிரியரின் வேலையாகிவிடுகிறது. அதிலும் ஒரு நன்மை கண்டேன். முக்காலி ஓரிடத்தில் நிற்க, பிள்ளைகள் பார்க்கும் வேலையைப் பார்க்கிறார்கள்.

சங்கக் கூட்டத்தில் எழுத்துத் தாளையும் மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நெடிய விளக்கம் தேவைப்படவில்லை. தலா 280 வெள்ளிக்குப் படக்கருவி இல்லாத 8×32 கருவிகள் நான்கு. முக்காலி, பிடிப்பான், கைப்பேசிக் கவ்வி ஆகியவற்றுக்கு 150 வெள்ளி. காற்றுப் புகாத பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளும் 130 வெள்ளி. எஞ்சிய 200 வெள்ளியில் வரைவதற்கு வெள்ளைத்தாள் குறிப்பேடுகளும் வண்ணப் பென்சில்களும் வாங்கினோம். லாரி ஓட்டும் அந்தத் தந்தைதான் குறிப்பேட்டுச் செலவை முதலில் ஆதரித்துப் பேசினார்.

சிலிக்கா மணிகளைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டு ஈரக்காற்றில் வில்லைகளில் பூசணம் பிடிப்பது மிக எளிது. வெள்ளை நூலாம்படை போலப் படர்ந்துவிட்டால் வில்லையின் மேற்பூச்சையே அரித்துவிடும். கருவியோடு வரும் துணிப் பையிலும் தோல் உறையிலும் மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. பெரிய கடைகளில் விற்கும் மின்சார உலர்பெட்டி இல்லாவிட்டால், இறுக மூடும் நெகிழிப் பெட்டியே போதும். மணிகள் நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய தீயில் உலர்த்தி மீண்டும் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குப் பயன்படுத்த வேண்டா.

எல்லாவற்றுக்கும் முன்னதாக மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது, எந்த நிலையிலும் கருவியைச் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது என்பது. கண் நிரந்தரமாகப் பாழாகும். இதைச் சபைகூடலில் ஒருமுறை, கருவியைக் கையில் கொடுக்கும்போது ஒருமுறை, பேருந்தில் ஒருமுறை என மும்முறை சொல்கிறேன். நான்காம் முறை அவர்களே என்னிடம் சொல்கிறார்கள்.

2024 அக்டோபரில் இருபத்திரண்டு மாணவர்களுடன் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குச் சென்றோம். வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்து சேரும் பருவம். முதல் அரை மணி நேரத்திற்குக் கருவிகளைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. வெறுங்கண்ணால் பறவையைக் கண்டுபிடித்து, பார்வையை அதிலிருந்து எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவரும் பழக்கத்தை ஒரு கட்டையை வைத்துக்கொண்டு பயிற்சி செய்தோம். கட்டையைப் பார்த்துச் சிரித்த பெரிய மாணவர்கள்தாம் பின்னர் கொக்கைத் தேடி வானத்தில் அலைந்தார்கள். மரப்பாலத்தில் நின்று சேற்றில் தாவும் மீன்களை, பெலாச்சாக் என்போமே, அவற்றைப் பார்த்தபோதுதான் கருவி அருகிலும் குவியக்கூடியதாக இருப்பதன் அருமை புரிந்தது. மூன்று மீட்டர் தொலைவில் அது தன் உருண்டைக் கண்களைக் கண்குழிக்குள் இழுத்துக்கொள்வதைப் பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்தார்கள். நான்கு கருவிகளுக்கு இருபத்திரண்டு பேர் என்பதால் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம். காத்திருக்கும் நேரத்தில் குறிப்பேட்டில் வரைய வேண்டும்.

வரையச் சொல்வதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்கு அறிவியல் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர், ஒரு செம்பருத்தி இலையைக் கொடுத்து ஒரு மணி நேரம் வரையச் சொன்னார். நாற்பதாம் நிமிடத்தில்தான் இலை விளிம்பின் பற்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லை என்பதைக் கண்டேன். படம் எடுத்துவிட்டால் பார்த்தாயிற்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வரையும்போது ‘அலகு என்ன நிறம்?’ என்ற கேள்வி வந்தே தீரும்; விடை தெரியாவிட்டால் மறுபடியும் பார்த்தே ஆக வேண்டும்.

லாரி ஓட்டுநரின் மகன் அன்று பார்த்தது மீன்கொத்தியையோ பருந்தையோ அன்று. நீரோடையின் ஓரத்துப் புதரிலிருந்து வெளிவந்து, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடந்த ஒரு பறவை. முதுகு கறுப்பு, முகமும் மார்பும் வெள்ளை, வாலுக்கு அடியில் துருநிறம். நான் முக்காலியைத் திருப்பி வைப்பதற்குள் அது புதருக்குள் போய்விட்டது. கைப்பேசியில் விழுந்தது புதரும் ஒரு வெள்ளைத் தீற்றலும்தான். அவன் முகம் வாடிவிட்டது. “பாட்டிக்கு எதைக் காட்டறது டீச்சர்?” என்றான். குறிப்பேட்டில் வரையச் சொன்னேன். கால்கள் மிக நீளமாகவும் தலை மிகச் சிறிதாகவும் வந்தன. வாலின் அடிப்பகுதிக்குச் செம்பழுப்புப் பென்சிலைத் தேடி எடுத்து அழுத்தி அழுத்தித் தீட்டினான். பெயர் என்ன என்று கேட்டான். வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை அவன் வகுப்பிற்குப் போகுமுன் ஆசிரியர் அறைக்கு வந்தான். குறிப்பேட்டில் படத்திற்குக் கீழே ‘கானாங்கோழி’ என்று எழுதியிருந்தது. பாட்டி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்ததும் உடனே சொல்லவில்லையாம். எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறார். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நடந்து காட்டியிருக்கிறான். மழைக்காலத்து இரவில் வாய்க்கால் ஓரம் ‘ருவாக், ருவாக்’ என்று விடாமல் கத்துவது அதுதான் என்றும், வேலைக்காட்டில் ஒருமுறை அதன் கறுப்புக் குஞ்சுகளைத் தம் தலைத்துண்டில் ஏந்திக் கரையேற்றிவிட்டதாகவும் சொன்னாராம். மலாய்க்காரர்கள் அதை ‘ருவாக்-ருவாக்’ என்றே அழைப்பது அவனுக்கு முன்பே தெரியும். அது அதன் குரல் என்பது தெரியாது.

அவனுடைய தந்தை இன்னும் தம் கருத்தைக் கைவிடவில்லை. கண் பார்க்கும் வில்லையின் வழியே படமெடுத்து, குவியமும் சரியாக அமைந்து, ஆயிரம் வெள்ளிக்குள் ஒரு கருவி வந்தால் தாமே ஒன்றைப் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படியொன்று வந்தால் மறுக்க மாட்டேன். சிற்றுண்டிச்சாலைச் சுவரில் தாள் ஒட்ட இடமிருக்கிறது. ஐந்தாம் வரி படத்தில் வாசிக்கத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வோம்.

உங்கள் பள்ளியில் இத்தகைய கருவி ஏதேனும் பயன்பாட்டில் இருந்தால், சிறு பிள்ளைகளின் கண்களுக்கு அது பொருந்துகிறதா என்பதை எனக்கு எழுதுங்கள். அடுத்த வலசைப் பருவத்திற்கு முன் இன்னும் இரண்டு கருவிகள் வாங்கச் சங்கம் இணங்கியுள்ளது. இம்முறை முதலாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ற, குழாய்கள் நன்கு நெருங்கி வரும் சிறிய வகையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.